மெத்தைக்கு அடியில் ஈரம்

ஹுன்னஸ்கிரிய
2026 ஜனவரி 6

ஜஹானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமல் தொடங்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதினேன். என் மனம் அந்த நிலையில் இல்லை.

தேயிலைத் தோட்டத்து லொறியைத் திருத்தி முடித்துவிட்டு, கை கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தால் நமக்கு வீடாயிருக்கிற பஸ் பூட்டிக் கிடக்கிறது. நீயும் இல்லை, மகளும் இல்லை. பொன்னுத்துரை அண்ணன்தான், "அவுங்க மரக்கறி லொறியில கெலிஓயாவுக்குப் போயிட்டாங்களே தம்பி, ஒங்களுக்குச் சொல்லலியா?" என்று கேட்டார். அவருடைய காணியில்தான் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறோம். என் பெண்சாதி என்னைவிட்டுப் போனதை அவர் வாயால் கேட்க வேண்டியதாயிற்று. உன் கூடப்பிறந்த பாயிஸா தாத்தா வீட்டுக்குப் போவதை நான் தடுக்கவில்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அலவத்துகொடையில் வீட்டுக்குப் பின்னால் மலை வழுக்கி, குசினிச் சுவர் பிளந்து, இனி இங்கே இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போன அன்று நாம் எங்கே போனோம்? மற்றவர்கள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்தார்கள். நான் உங்கள் இருவரையும் என் பஸ்ஸில் ஏற்றினேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக இந்தக் கையால் கட்டில் அடித்து, அடுப்பு வைத்து, தண்ணீர்த் தாங்கி பூட்டிய பஸ். தலைக்கு மேல் சரிவில்லாத சமதரை, தோட்டத்தில் வேலை. இரண்டும் கிடைத்ததால்தான் இங்கே கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஷஹ்மாவுக்கு ஆறு வயது. முதலாம் வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளை ஒவ்வொரு நாளும் மெத்தையை நனைத்தால் வாப்பாக்காரன் ஏசக்கூடாதா? ஏசுவதற்கு முன்னால் பொறுமையாகத்தான் இருந்தேன். அவளுடைய மெத்தைத் துண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு நனைப்பது கூடியது, குறையவில்லை. நீ செல்லம் கொடுப்பதால்தான் இது.

போன் எடுத்தால் வெட்டுகிறாய். பவாஸ் நானா வெள்ளிக்கிழமை மரக்கறி ஏற்ற வருவார். அவரோடு திரும்பி வா.

இப்ஹாம்

கெலிஓயா
2026 ஜனவரி 9

மகளின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தைப் பவாஸ் நானா தந்தார். லொறியில் நாங்கள் ஏறவில்லை. இந்தக் கடிதம்தான் ஏறுகிறது.

போனை ஏன் வெட்டுகிறேன் என்று கேட்கிறீர்கள். பாதையின் மேல் வளைவுக்கு ஏறினால்தான் உங்களுக்குச் சிக்னல் வரும். ஏறிய களைப்போடு கத்துகிறீர்கள். நான் அழுகிறேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். எழுதினால் கடிதத்தின் சத்தம் அவளுக்குக் கேட்காது.

நீங்கள் ஏசியதற்காக நான் கிளம்பி வரவில்லை. நடந்ததை நீங்கள் எழுதாமல் விட்டீர்கள், அதனால் நான் எழுதுகிறேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வரிசையாக வரும் நேரம் பார்த்து மெத்தைத் துண்டை வேலிக் கம்பியில் போட்டீர்கள். பிள்ளையை அதற்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். "காயும் மட்டும் இதுலயே நில்லு. யாருட வேலையெண்டு எல்லாரும் பாக்கட்டும்" என்றீர்கள். அவள், "நான் மூத்திரம் பெய்யல்ல வாப்பா" என்றாள். பொன்னுத்துரை அண்ணன், "சின்னப் புள்ள தம்பி, விடுங்க" என்றார். நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நான் உடுப்புகளைப் பையில் அடுக்கினேன்.

"மணந்து பாருங்க, ஒரு மணமும் இல்ல" என்று அதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறேன். "அவளுக்கு வக்காலத்து வாங்காதே" என்று என் வாயை அடைத்தீர்கள்.

இங்கே பாயிஸா தாத்தாவின் பிள்ளைகளோடு ஒரே மெத்தையில் படுக்கிறாள். ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டாள். கோப்பையைக் கையில் கொடுத்தால் உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பித் தருகிறாள். உதடு வெடித்திருக்கிறது. காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே கையைத் தனக்கு அடியில் விட்டுத் தடவிப் பார்க்கிறாள்.

செல்லம் கொடுத்ததால் வந்த பழக்கமா இது?

ஜஹானா

ஹுன்னஸ்கிரிய
2026 ஜனவரி 15

ஜஹானா,

கெலிஓயா சூடான இடம். அங்கே நனைக்கவில்லை என்றால் இங்கேயுள்ள குளிர்தான் காரணம் என்று அர்த்தம். குளிருக்குப் பிள்ளைகள் அப்படிச் செய்வார்கள்தான். நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், அது சரி. அதற்காக வீட்டைவிட்டுப் போவதா?

இங்கே எனக்கு வேறு தலையிடி. கதவுப் பக்கம் காற்று ஊசியாய்க் குத்துகிறது என்று பின் மூலைக்கு மாறிப் படுத்தேன். மகள் படுக்கும் மூலைதான். அவளுடைய மெத்தைத் துண்டை வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் போட்டேன். விடிந்து எழும்பினால் என் முதுகுச் சட்டை ஈரம். கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். ஏறிப் பார்த்து, தகரம் சேரும் இடமெல்லாம் பசை அப்பினேன். அடுத்த நாளும் ஈரம். மழையே பெய்யவில்லை! தண்ணீர்த் தாங்கி கசிகிறது என்று அதைக் கழற்றி வெளியே வைத்தேன். அதற்குப் பிறகும் ஈரம். யன்னல் றப்பரை மாற்றினேன். முழங்கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம்.

எத்தனை வாகனத்தின் ஒழுக்கைப் பிடித்திருக்கிறேன். நானே செய்த பஸ்ஸில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. வேலைத்தலத்தில் யாரிடமும் சொல்லவும் வெட்கம். சக்கரத்தை உதைத்துக் கால் வீங்கியிருக்கிறது.

சோறு சமைக்கவும் மனமில்லை. பாணும் பருப்பும்தான்.

இப்ஹாம்

கெலிஓயா
2026 ஜனவரி 18

மகளின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். நம்ப ஏலாமல் திரும்பவும் வாசித்தேன்.

கூரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தாங்கியைப் பற்றி, றப்பரைப் பற்றி, வீங்கிய காலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மகளின் மூலையில், மகளின் மெத்தைத் துண்டில், மகள் இல்லாத நாளில் நீங்கள் படுத்து நனைந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

யார் நனைத்தது? சொல்லுங்கள். நான் அங்கே இருந்திருந்தால் உங்களையும் வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டுமா?



ஜஹானா

ஹுன்னஸ்கிரிய
2026 ஜனவரி 25

அன்பின் ஜஹானா,

பவாஸ் நானா ஒரு தரம் வெறுங்கையோடு திரும்பிப் போனார். நான்தான் கடிதத்தை முடிக்காமல் வைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மெத்தையை மடித்துத் தூக்கினேன். மேலே தொட்டால் இலேசான குளிர்ச்சிதான், அடியில் பிழியலாம் போலிருந்தது. அதற்குக் கீழே நான் போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. குளிரூட்டியிலிருந்து எடுத்துவைத்த சோடாப் போத்தலின் வெளிப்பக்கத்தில் பூக்குமே, அப்படி. விரிப்பையும் இழுத்தேன். பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சணம். பலகைக்குக் கீழே சாமான் வைக்கும் இரும்புப் பெட்டி, தொட்டால் விரல் விறைக்கிறது.

தண்ணீர் எங்கிருந்தும் ஒழுகவில்லை, ஜஹானா. நாங்கள்தான் அந்தத் தண்ணீர். மூன்று பேரின் மூச்சு, நீ அவிக்கும் சோற்றின் ஆவி, கேத்தல் கொதிக்கும் ஆவி, உள்ளே கொடியில் காயப்போட்ட உடுப்பு. குளிருக்குப் பயந்து யன்னலெல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தோம். அந்த ஈரக் காற்று போக இடமில்லாமல் மெத்தைக்குள் இறங்கி, அடியில் குளிர்ந்த இடத்தைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. நம் இருவரின் பக்கம் மெத்தை தடிப்பு. ஈரம் மேலே வரவில்லை. மகளின் பக்கம் நான் மிச்சத் துண்டை வெட்டிப் போட்டது, மெல்லியது. அதுவும் இரும்புச் சுவரோடு ஒட்டிய மூலை. பிளாஸ்டிக்கை விரித்த பிறகு கொஞ்ச நஞ்சம் பலகையில் ஊறிப்போனதும் நின்றுவிட்டது. எல்லாம் அவளுக்கு அடியிலேயே தேங்கியது. அது கூடக்கூட நான் அவளை ஏசினேன்.



இப்போது வேலையைத் தொடங்கிவிட்டேன். பழுதான பலகையைக் கழற்றி எறிந்துவிட்டேன். அதற்குப் பதில் இடைவெளி விட்டு மரச் சிலாகை அடிக்கப்போகிறேன், அடியால் காற்றோடும். பெட்டிக்கு இரு பக்கமும் துளை போட்டு வலை அடிப்பேன். கூரையில் ஒரு காற்றுப்போக்கி. சமையல் இனி வெளியே, கூடாரச் சீலைக்குக் கீழே. காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டால் போதும். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் ஒன்றிரண்டு நாள் படுத்துவிட்டுப் போனதால் எனக்குத் தெரியவரவில்லை.

முடிந்ததும் சொல்கிறேன். நோன்புக்கு முன் வந்துவிடுங்கள்.

இப்ஹாம்

கெலிஓயா
2026 ஜனவரி 28

மகளின் வாப்பாவுக்கு,

சிலாகை அடியுங்கள். துளை போடுங்கள். காற்றுப்போக்கி வையுங்கள். பஸ்ஸுக்கு நல்ல வைத்தியம் பார்க்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது முதலில் எனக்கு அழுகை வந்தது. "நாங்கள்தான் அந்தத் தண்ணீர்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு மிச்சத்தை வாசிக்க வாசிக்கக் கோபம்தான் வந்தது. இதெல்லாம் எனக்கு எதற்கு? அவள் நனைக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிய வேண்டியவள் வேறொருத்தி. நான் சொன்னேன், "வாப்பா எழுதியிருக்கிறார், மெத்தைய நனைச்சது நீங்க இல்லயாம்" என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு பென்சில் கூராக்கினாள். நான் அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

நீங்கள் வந்து சொல்ல வேண்டும். காதுக்குள் இல்லை. ஆட்களுக்கு முன்னால் நிறுத்தினீர்கள், அதனால் ஆட்களுக்கு முன்னால் சொல்லுங்கள். தாத்தாவின் பிள்ளைகள் இருக்கும்போது சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இங்கே பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. மகளை இங்குள்ள பாடசாலையில் சேர்த்துவிட்டேன். தாத்தா வீட்டு மேல்மாடி அறை பாதியில் நிற்கிறதே, கூரை உண்டு, யன்னல் இல்லை, பூச்சு இல்லை, அதை எடுத்துக்கொள்ளச் சொல்லி மச்சான் இரண்டு தரம் சொல்லிவிட்டார். வாசித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஜஹானா

ஹுன்னஸ்கிரிய
2026 பெப்ரவரி 4

ஜஹானா,

ஆமாம், கோபம் வந்தது. சகலன் வீட்டு மாடியில் போய் ஒண்டிக்கொள்ளவா நான் ஒரு பஸ்ஸையே வீடாக்கினேன்? அலவத்துகொடை வீட்டுக்கு ஒரு முடிவு வரும்வரை என் சொந்தக் கூரைக்குக் கீழே உங்களை வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அது ஒரு பிழையா?

வேலையும் நினைத்த மாதிரி நடக்கவில்லை. சிலாகை அடித்தேன். நடுவில் காய்ந்தது, சுவரோரம் மறுபடியும் ஈரம். மெத்தை சுவரை முட்டிக்கொண்டிருந்தது. கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி அடித்தேன். காற்றுப்போக்கி வைத்தேன், அதன் வழியாக மழை வந்து எல்லாவற்றையும் ஊறவைத்தது. ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிறகு தேயிலைக்குள் தேடி எடுத்து, மேலே தகர மூடி வைத்துத் திரும்பவும் பூட்டினேன். இரும்புப் பெட்டிக்கு உள்பக்கம், குளிர் ஏறாதபடி, றெஜிபோம் அட்டை ஒட்டினேன். இப்போது சில நாட்களாகக் காலையில் கையை விட்டுப் பார்த்தால் மரம் காய்ந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். கையை விட்டுப் பார்க்கும்போதெல்லாம் நீ எழுதியதுதான் நினைவுக்கு வருகிறது. அவளும் இப்படித்தானே பார்க்கிறாள்.

இன்று லீவு நாள். பொன்னுத்துரை அண்ணனிடம் போனேன். "அண்ணன், அன்டைக்கு நான் மகளை வேலியடியில நிப்பாட்டினேனே, அவள் மெத்தைய நனைக்கல்ல, பிழை என்ட பக்கம்தான்" என்றேன். அவர், "எந்த மெத்த தம்பி? எனக்கு நெனவில்லியே" என்றார். உண்மையாகவே மறந்துவிட்டார். எனக்கு இன்னும் மோசமாயிற்று. பார்த்து நின்ற மனிதருக்கு அது ஒரு நாள் காலை நடந்த விஷயம், அவ்வளவுதான். மகளுக்குத்தான் அது இன்னும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாடி அறை பற்றிப் பேச வரவில்லை. மகளிடம் பேச வருகிறேன்.

இப்ஹாம்

கெலிஓயா
2026 பெப்ரவரி 9

மகளின் வாப்பாவுக்கு,

நேற்று நீங்கள் சாப்பிடாமல் போனீர்கள். தாத்தா விடியவிடிய எழும்பி புரியாணி ஆக்கியிருந்தார். மாடி அறையைக் காட்டினேன் என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டீர்கள். மச்சான் என்னிடம், "நான் ஏதாச்சும் பிழையா செல்லிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வந்த காரியத்தைச் சரியாகச் செய்தீர்கள். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போது முட்டுக்காலில் இருந்து, அவள் முகத்துக்கு நேராக, "மகள், மெத்தைய நனைச்சது நீங்க இல்ல. பஸ்ஸுட குளிர். வாப்பாதான் தெரியாம உங்கள ஏசின" என்றீர்கள். அவள் "ஓ" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள், சரிதானே என்று கேட்பது போல. அதோடு முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

இன்று பின்னேரம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்: "உம்மா, அப்ப எங்கட ஊடு உடைஞ்சதும் நான் செஞ்சதில்லையா?"

நான் சீப்பைக் கீழே வைத்தேன். ஏன் மகள் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். வீட்டுக்குப் பின்னால், மலையடியில், சிரட்டையால் மண் தோண்டிச் சோறு கறி ஆக்கி விளையாடினாளே. மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது, "மலையத் தோண்டி ஊட்ட விழுத்தப்போறீங்களா?" என்று சொல்லியிருக்கிறீர்கள். பகிடிக்குத்தான் சொல்லியிருப்பீர்கள். பிறகு மலை வந்தது. அன்றிலிருந்து அவள் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேலியோரம் நின்றபோதும் அவள் மெத்தைக்காக மட்டும் நிற்கவில்லை.

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இல்லவே இல்லை, அது மழை, அல்லாஹ்வின் நாட்டம், எத்தனையோ பேரின் வீட்டு மலை வழுக்கியது என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "வாப்பா செல்லல்லையே" என்றாள்.

அவளுக்கு என் சொல் போதவில்லை. நான் அவள் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். தீர்ப்புச் சொல்கிறவர் நீங்கள்.

நாங்கள் பஸ்ஸுக்குத் திரும்பி வரமாட்டோம். அது காய்ந்திருக்கும், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போய் வந்து இருப்பதற்கு அது இடமில்லை. உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டே நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க விரும்பவில்லை. மேல்மாடி அறைக்கு யன்னல் வேண்டும். யன்னல் அடிக்கத் தெரிந்த ஒருவர் எனக்குப் புருஷனாக இருக்கிறார்.

ஜஹானா

ஹுன்னஸ்கிரிய
2026 பெப்ரவரி 11

அன்பின் ஜஹானா,

மேல் வளைவுக்கு ஏறி உனக்குப் போன் எடுத்திருக்கலாம். போனைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்று திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

அந்தப் பகிடி எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பொன்னுத்துரை அண்ணனைக் குறை சொன்னேனே, நானும் அவர் மாதிரித்தான். என் வாயிலிருந்து வந்ததை மகள் கொண்டுதிரிந்திருக்கிறாள், நான் அதைச் சொன்னதே எனக்குத் தெரியாது.

மலை எங்கே பிளந்தது என்று நான் பார்த்தேன், ஜஹானா. மண் நின்ற பிறகு மேலே ஏறிப் போனேன். உனக்குச் சொல்லவில்லை, பயப்படுவாய் என்று. நம் வளவுக்கு எவ்வளவோ மேலே, ஆட்கள் போகாத காட்டுக்குள்ளிருந்து பிளந்து வந்திருக்கிறது. சிரட்டையால் தோண்டிய குழிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை அவளுக்கு விளங்கும்படி நான் சொல்வேன். ஒரு தரம் போதாது என்றால் அவள் கேட்கும் நேரமெல்லாம் சொல்வேன்.

மச்சானிடம் நான் கோபத்தில் போகவில்லை என்று சொல். கோபத்தில்தான் போனேன், ஆனாலும் அப்படிச் சொல். வந்து நானே மன்னிப்புக் கேட்கிறேன். அறையின் அளவை ஞாயிற்றுக்கிழமையே கண்ணால் எடுத்துவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான். கிழக்குப் பக்கம் ஒரு யன்னல், அதற்கு எதிரே இன்னொன்று. காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். பஸ்ஸை இங்கேயே பொன்னுத்துரை அண்ணனின் பொறுப்பில் விடுகிறேன். ஆட்கள் மலை ஏற வரத் தொடங்கினால் வாடகைக்குப் போகட்டும். கையிலுள்ள லொறியை நாளை முடித்துக் கொடுத்தால் நான் விலகிவிடலாம் என்று வேலைத்தலத்தில் இன்று பின்னேரம் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கடிதம் நாளைக் காலையில் பவாஸ் நானாவோடு முன்னால் வரும். நான் வாள், சுத்தியல் எல்லாம் உள்ள ஆயுதப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நாளை இரவு கடைசி பஸ்ஸில் வருகிறேன். தெல்தெனியப் பக்கம் பாதை இன்னும் சரியில்லை, பிந்திப்போகும்.

அவள் தூங்கியிருந்தால், பாவம் என்று விட்டுவிடாதே. எழுப்பு.

இப்ஹாம்